பத்தாம் வகுப்புக்குப் பின் எந்த வழி? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பள்ளிகளுக்கு ஓர் ஒப்பீடு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 நவம்பர் வரை ஒரே மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் மூன்றாகிவிட்டது. வேலைக்குப் போகிற வழி மாறவில்லை. பேரணாம்பட்டுப் பெண்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். வாலாஜா பையன்கள் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறார்கள். காட்பாடிக்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலையும் அதை நம்பி வாழும், இரும்பை வெட்டி வெல்டிங் செய்யும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கின்றன. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா, வாணியம்பாடியில் தோல் ஆலைகள். பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அறிவித்த முதலீடு 9,000 கோடி ரூபாய், வேலை 5,000 பேருக்கு.

அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் கான்ட்ராக்ட் ஹெல்பராகப் போவார்களா, கையில் சான்றிதழோடு டெக்னீஷியனாகப் போவார்களா? இதில் பாதியை 9, 10-ஆம் வகுப்புகளில் பள்ளி எடுக்கிற முடிவு தீர்மானித்துவிடுகிறது. மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோர் அடிக்கடி கேட்பது, "நம்ம ஸ்கூல்லயே தொழிற்கல்வி கொண்டுவரலாமே?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளுக்கு அது சரியான முதல் அடி அல்ல என்பது எங்கள் கருத்து. பட்டறை கட்டும் பணத்திலும் உழைப்பிலும் சிறு பங்கை அளவெடுத்தல், வரைபடம் வாசித்தல், தசமக் கணக்கு மூன்றிலும் போட்டால் போதும். கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளையை இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ.க்கும் அதன் பின் ஆலையிலேயே தொழில் பழகும் பதிவு செய்த அப்ரண்டீஸ் பயிற்சிக்கும் அனுப்புவதே இந்த வட்டாரத்தில் அதிகப் பலன் தரும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்துக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் வேறு கணக்கு.

பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், ஆட்டோமொபைல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள். பிள்ளை அதே பள்ளியில் இருக்கலாம். கையில் பிளஸ் டூ சான்றிதழ் வரும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண்ணுக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு.

சிக்கல் நடைமுறையில் வருகிறது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் சீக்கிரம் நிரம்புவதில்லை. வேறு பாட ஆசிரியர் புத்தகத்தை வாசித்துப் பாடம் முடிப்பார். லேத் (கடைசல் மிஷின்) இருக்கும், அதை ஓட்டத் தேவையான த்ரீ ஃபேஸ் மின் இணைப்பு இருக்காது. இணைப்பு இருந்தால் கட்டிங் டூல் வாங்கவும் ராடு வாங்கவும் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்காது. இன்னொன்று பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை: இந்தப் பிரிவின் சான்றிதழ் ஐ.டி.ஐ.யின் தேசியத் தொழிற்சான்றிதழ் ஆகாது. ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட பிரிவில் ஐ.டி.ஐ. வேண்டும், அல்லது டிப்ளமோ வேண்டும். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மூன்று பெரிய ஜங்ஷன்களைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எனவே ஏற்கெனவே பிரிவு இருக்கிற பள்ளி நான்கு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். நிரந்தரப் பணியிடத்தில் அந்தத் தொழில் படித்த ஆசிரியர் இருக்கிறாரா? த்ரீ ஃபேஸ் இருக்கிறதா? மாணவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு முறையாவது மிஷினில் தானே நின்று வேலை செய்கிறாரா? பொருள் செலவுக்கு யார் பொறுப்பு? நான்குக்கும் பதில் இருந்தால் அந்தப் பிரிவைக் கண்ணைப் போல் காப்பாற்றுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. புதிதாகத் தொடங்க நினைக்கும் பள்ளி, ஆசிரியர் நியமன ஆணை கைக்கு வரும் முன் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொழில் பாடமாகச் சொல்லித்தரும் மத்தியத் திட்டமும் சில பள்ளிகளில் நடக்கிறது. பிள்ளைக்கு ஒரு தொழிலின் வாசனையைக் காட்ட அது உதவும். பயிற்றுநர் ஒப்பந்த ஊழியர் என்பதால் ஒப்பந்தம் புதுப்பிக்கத் தாமதமானால் அந்தப் பருவம் வீணாகிவிடும். கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாம், அதை நம்பி மற்ற ஏற்பாடுகளை விட்டுவிடக் கூடாது.

ஐ.டி.ஐ.: மணிக்கணக்கு பேசும்

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டு ஆண்டுப் பிரிவுகள். வெல்டர் ஓராண்டு, அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2022-இல் திருத்திய பாடத்திட்டத்தில் ஃபிட்டர் முதலாண்டு 1,200 மணி நேரம். அதில் 840 மணி கைவேலை, 240 மணி தொழிற்கோட்பாடு, 120 மணி வேலைத்திறன் பாடம். இதற்கு மேல் ஆலையில் 150 மணி நேரப் பயிற்சி. பள்ளிக்கூடப் பட்டறை எதுவும் 840 மணி நேரத்தைத் தர முடியாது. எங்கள் முடிவுக்கு முதல் காரணம் இதுதான்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தினார்கள், ரோபோ, சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மிஷின்), மின்வாகனம் போன்றவற்றில் பயிற்சி தரும் வசதி அங்கே வந்திருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மிஷின் ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

"ஐ.டி.ஐ. போனால் மேற்படிப்பு போச்சு" என்பது பெற்றோரின் பெரிய பயம். இது இப்போது சரியல்ல. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பிளஸ் டூ தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் பெறலாம். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. பாதை சுற்றுதான், ஆனால் திறந்திருக்கிறது.

எந்தப் பிரிவு? ராணிப்பேட்டைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை அதிகம் என்பதால் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் தேவை குறைவதில்லை. ஆனால் வெல்டர் என்ற ஒரே சொல்லுக்குள் பெரிய சம்பள வித்தியாசம் இருக்கிறது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைப்பவர் வேறு. 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய பைப்பைச் சுற்றிலும் வெல்ட் வைத்து 6ஜி தேர்வில் தேறியவர் வேறு. இடையில் இருப்பது கைப்பழக்கம் மட்டுமல்ல, ஒழுங்கும்தான். ஓர் உதாரணம்: 7018 என்ற வகை வெல்டிங் ராடு ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டைப் பிரித்து மழைக்காலத்தில் ஷெட்டில் விட்டுவிட்டு மறுநாள் அப்படியே வெல்ட் வைத்தால், மேலே மினுமினுப்பாக இருக்கும் வெல்டில் உள்ளே துளை விழும். தடித்த பிளேட் என்றால் ஹைட்ரஜன் புகுந்து மணிக்கணக்கில் கழித்து விரிசல் விடும். ராடை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு, சூடான பெட்டியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஏன் என்று புரிந்த பையன் இதைச் செய்வான். புரியாதவன் சூப்பர்வைசர் இருக்கும்போது மட்டும் செய்வான். பத்தாம் வகுப்பு வேதியியல் பாடம் அவனுக்கு உதவ வேண்டிய இடம் இது.

ஐ.டி.ஐ.யில் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அரத்தைப் பிடித்து ராவி ராவிக் கை காய்க்கும், முதுகு வலிக்கும், "இதுக்கா சேர்ந்தோம்" என்று தோன்றும். அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த தடை கணக்கு. கோட்பாட்டுத் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. கைவேலையில் கெட்டிக்காரன் தசமத்தில் தடுமாறி அங்கே தோற்கிறான். இரண்டுமே பள்ளியில் முன்கூட்டித் தடுக்கக்கூடியவை.

அப்ரண்டீஸ்: பதிவுதான் உயிர்

ஐ.டி.ஐ. முடித்தவுடன் வேலை தேடுவதைவிட ஓராண்டு அப்ரண்டீஸ் போவது நல்லது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ் எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். ரயில்வேயில் அப்ரண்டீஸ் முடித்தவர்களுக்கு லெவல்-1 (அடிநிலை) வேலைகளில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, "டிரெய்னி" என்று எடுத்துக்கொண்டு அரசின் அப்ரண்டீஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விடுவது. பையன் இரண்டு ஆண்டு உழைத்திருப்பான். கடைசியில் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழ் வராது, அனுபவக் கடிதம்கூடச் சில இடத்தில் வராது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் அது அப்ரண்டீஸ் பயிற்சி அல்ல, மலிவான கூலி.

இரண்டாவது வயது. 15 வயதில் பத்தாவது முடித்தவன் ஐ.டி.ஐ. முடிக்கும்போது 17. அப்ரண்டீஸ் சட்டத்தில் குறைந்தபட்ச வயது 14 என்றாலும் அபாயகரமான தொழிலில் 18 ஆக வேண்டும். தோல் பதனிடுதலும் ஃபவுண்டரியும் (உலோக வார்ப்பு) சட்டத்தின் அபாயகரத் தொழில் பட்டியலில் இருப்பவை. நம் வட்டாரத்தின் பெரிய தொழில்களில் இரண்டு அவைதான். ஆகவே 17 வயதுப் பிள்ளை இடையில் ஓராண்டு சும்மா இருந்து, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு, படித்த தொழிலையே விட்டுவிடுகிறான். அந்த ஆண்டைப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கோ, மொழித்தாள் எழுதவோ, அபாயமற்ற பிரிவில் அப்ரண்டீஸுக்கோ முன்பே திட்டமிட்டு வைக்க வேண்டும்.

பாலிடெக்னிக்

மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். கணக்கு ஓரளவு நன்றாக வரும் பிள்ளைக்கு ஏற்றது. தரப் பரிசோதனை, பிளானிங், சூப்பர்வைசர் வேலைகளுக்கு டிப்ளமோதான் கேட்கிறார்கள். வேலூர் தொரப்பாடியில் தந்தை பெரியார் ஈ.வெ.ரா. அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. கைவேலை நேரம் ஐ.டி.ஐ.யைவிடக் குறைவு என்பதால் டிப்ளமோ முடித்த பையன் மிஷினில் நிற்கத் தயங்குவதைக் கம்பெனிக்காரர்கள் குறையாகச் சொல்வதுண்டு. தோல்விக்கு முதல் காரணம் முதலாண்டுக் கணக்குத் தாள். அது அரியராக நின்றால் மூன்றாம் ஆண்டு வரை கூடவே வரும். பத்தாம் வகுப்பில் கணக்கில் 50-க்குக் கீழே எடுத்த பிள்ளையை நேரே பாலிடெக்னிக்குக்கு அனுப்புவதைவிட ஐ.டி.ஐ. வழியாக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பது பாதுகாப்பு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பள்ளிகளுக்கு

இங்கே வேலை கிடைப்பது பிரச்சினை அல்ல. ஷூ கம்பெனியில் தையலுக்கு ஆள் எப்போதும் தேவை. சில மாதப் பழக்கத்தில் மிஷின் கைவந்துவிடும். அதனால்தான் படிப்பு பாதியில் நிற்கிறது, பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு. பத்தாண்டு கழித்தும் அதே லைனில் அதே மிஷினில் இருப்பார்கள். மேலே போகிற வேலைகள் பேட்டர்ன் போடுவது, தோல் தரம் பிரிப்பது, லைன் சூப்பர்வைசர். இவற்றுக்குத் தோலைப் பற்றிய அறிவு வேண்டும்.

எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு இரண்டு வேலைகளைப் பாருங்கள். கட்டிங்கில் தோலின் இழுவிசைத் திசை தெரிய வேண்டும். ஷூவின் முன்பாகத் துண்டு, விரல் நுனியிலிருந்து குதிகால் பக்கம் போகும் திசையில் இறுக்கமாக இருக்கும்படி வெட்ட வேண்டும். திசை மாற்றி வெட்டினால் தோல் மிச்சமாகும், ஆனால் லாஸ்டிங்கில், அதாவது கால் வடிவ அச்சின் மேல் தோலைப் பொருத்தும் வேலையில், இழுத்ததும் ஒரு ஷூ நீண்டு ஜோடி பொருந்தாமல் போகும். ஸ்கைவிங்கில் மடிக்கிற விளிம்பைச் சீவுவார்கள். 1.2 மி.மீ. தோல் என்றால் மடிப்பில் சுமார் 0.6 மி.மீ.க்குச் சீவினால்தான் மடித்த பின் பழைய கனம் வரும். சீவல் குறைந்தால் விளிம்பு புடைத்துக் காலைக் குத்தும். அதிகமானால் இழுக்கும்போது தையலோரம் கிழியும். கிழிவது லாஸ்டிங்கில், தவறு நடந்தது அதற்கு இரண்டு பிரிவு முன்னால். காரணத்தைப் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பவரே சூப்பர்வைசர் ஆகிறார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் பரிந்துரை ஐ.டி.ஐ. அல்ல. எப்படியாவது பிளஸ் டூ முடிக்கவைத்து, சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தின் இரண்டு ஆண்டு டிப்ளமோவுக்கு அனுப்புங்கள். பள்ளியின் வேலை இடைநிற்றலைத் தடுப்பதுதான். "ஷூ கம்பெனி எங்கும் ஓடிப்போகாது, இரண்டு வருஷம் கழித்துப் போனால் மேலே போகலாம்" என்று பெற்றோரிடம் வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி வேலை விரும்பும் பிள்ளைக்குக் குறுக்குவழி தேட வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். லேப், ரேடியாலஜி போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் அறிவியல் பிரிவே அடித்தளம். பிளஸ் ஒன்னில் வேறு பிரிவு எடுத்துவிட்டால் திரும்பி வருவது கடினம்.

பள்ளி தானே செய்ய வேண்டியது

எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது அளவு. ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே அளவீடு; வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அதில் இருக்கின்றன. பல பள்ளிகளில் ஆசிரியர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. 40 பேர் உள்ள வகுப்புக்கு 10 வெர்னியர், 4 மைக்ரோமீட்டர் (திருகு அளவி), 10 ஸ்டீல் ஸ்கேல், 5 மூலைமட்டம் இருந்தால் நான்கு பேருக்கு ஒரு வெர்னியராவது வரும். பள்ளி லேபில் இருக்கும் வெர்னியரின் மீச்சிற்றளவு (அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) 0.1 மி.மீ.; பட்டறையில் ஓடுவது 0.02 மி.மீ. புதிதாக வாங்குவதை 0.02-ஆகவே வாங்குங்கள்.

அளக்கும் பொருளுக்குக் காசு வேண்டாம். பக்கத்துப் பட்டறையில் கழித்துப்போட்ட ஷாஃப்ட், புஷ், வாஷர் 20 வாங்கி எண் பொறித்து வையுங்கள். ஒவ்வொன்றின் சரியான அளவையும் ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவரைக் கொண்டு எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். மாணவர் அளந்து எழுதுவதை அதோடு ஒப்பிடலாம்.

பிள்ளைகள் தவறுவது ஒரே மாதிரிதான். முதன்மைக் கோலை வெர்னியரின் பூஜ்யத்துக்கு நேராகப் பார்க்காமல் அதன் விளிம்புக்கு நேராகப் பார்ப்பார்கள். 24-ஐத் தாண்டிப் பூஜ்யம் நின்று, 17-ஆவது கோடு பொருந்தினால் 24 + 17 × 0.02, அதாவது 24.34 மி.மீ. இதை 24.17 என்று எழுதுவது மிகச் சாதாரணம். சுழிப்பிழை, அதாவது தாடைகள் மூடியிருக்கும்போதே பூஜ்யம் விலகி நிற்கிறதா என்று, பார்க்க மறப்பார்கள். தாடைகளை இறுக்கி அழுத்துவார்கள். பிசிறைத் துடைக்காமல் அளப்பார்கள். மூன்று மாணவர் ஒரே துண்டைத் தனித்தனியே அளந்து 0.04 மி.மீ.க்குள் ஒத்துப்போகும் வரை விடக் கூடாது. வாரம் ஒரு பீரியட், ஒரு பருவம் போதும்.

அடுத்தது வரைபடம். நம் நாட்டுத் தரப்படி முதற்கோண முறை. மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இதைப் பிள்ளைகள் எப்போதும் மேலே போடுவார்கள். ஒரு சோப்பை வெட்டி எல் வடிவம் செய்து, மூன்று பக்கமும் பார்த்து வரையவிட்டால் இரண்டு வாரத்தில் பிடிபடும். ஓவிய ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது.

மார்ச்சுக்குள் பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஐ.டி.ஐ. பட்டறையில் அரை நாள் நின்றிருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவரோடு. தேர்வு முடிவு வருவதற்குள் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று வகுப்பாசிரியர் பார்த்துவிடட்டும். உதவித்தொகை நின்றுபோவது பெரும்பாலும் அந்த எழுத்துப் பிழையால்தான். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை ஓர் ஆசிரியர் கையில் கொடுத்து மாதம் ஒரு முறை போன் செய்யச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஒரு வாரம் வராத பிள்ளையின் பெயர் வந்தால், அந்த வாரமே வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.